மகிழ மரத்தடியில் ஒரு சத்தியம்

"கார்த்திகையில வராம இப்ப வந்து என்னத்தடா பாக்கப் போற?" என்று மெட்ரோவிலேயே அத்தை ஆரம்பித்துவிட்டார். அத்தைக்கு வீடு தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் அவருக்குச் சொந்தத் திண்ணை மாதிரி. எனக்குச் சாமி பாதி, சரித்திரம் பாதி.

அத்தை கேட்டதும் நியாயம்தான். மூலவர் ஆதிபுரீஸ்வரர் ஆண்டு முழுக்கக் கவசத்துக்குள் இருப்பார், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் அதை எடுத்துப் புனுகு, சாம்பிராணித் தைலம் சாத்துவார்கள். நாங்கள் போனது ஆடி வெள்ளி. வள்ளலார் 101 பாட்டு பாடிய வடிவுடையம்மன் சன்னதியில் நெரிசல் தாங்காமல் நான் வெளிப்பிராகாரத்துக்கு வந்துவிட்டேன்.

நான் தேடி வந்ததே அங்கிருக்கும் மகிழ மரத்தைத்தான். சங்கிலியாரைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட சுந்தரர், 'உன்னைப் பிரியமாட்டேன்' என்று சன்னதியில் சத்தியம் செய்ய வேண்டி வந்தது. ஆனால் திருவாரூரில் முதல் மனைவி பரவையார் இருக்கிறாரே! அதனால் சிவனிடமே, "நான் சத்தியம் பண்ணும்போது நீர் கருவறையில் இருக்காதீர், மகிழ மரத்தடிக்குப் போய்விடும்" என்று ஏற்பாடு செய்துகொண்டார். சிவனும் சரி என்றுவிட்டு, நேரே சங்கிலியார் கனவில் போய், மரத்தடியில் சத்தியம் கேள் என்று போட்டுக்கொடுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் சுந்தரர் அங்கேயே சத்தியம் செய்தார், அப்புறம் வசந்தம் வந்ததும் ஆரூர் நினைப்பில் ஊர் எல்லையைத் தாண்டினார், கண் இரண்டும் போனது. காஞ்சியில் ஒன்று, ஆரூரில் இன்னொன்று என்று தவணையில்தான் திரும்பக் கிடைத்தது.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இதை ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறார். அடியாரும் ஆண்டவனும் ஒருவரையொருவர் ஏமாற்றப் பார்க்கிற இந்தப் பக்திதான் எனக்குப் பிடிபடுகிறது, கைகட்டி நிற்கிற பக்தி அவ்வளவாக ஒட்டவில்லை. இன்றும் மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என்று இதை நடத்திக்காட்டுகிறார்கள்.

அத்தையிடம், "பொய் சத்தியம் பண்ணவருக்குக் கோயிலா?" என்று சீண்டினேன். அவர் தரையில் உதிர்ந்து கிடந்த மகிழம்பூக்களை ஒவ்வொன்றாக ஊதி மண் போக்கி மணிபர்சில் போட்டுக்கொண்டிருந்தார். காய்ந்தாலும் வாசம் போகாதாம்.

"கண்ணு போச்சுன்னு திட்டினாரே ஒழிய, பாடறத வுட்டாரா?" என்றார். "நட, பட்டினத்தார் சமாதிக்குப் போவோம். இருட்டிட்டா கண்டெய்னர் லாரிக்கு நடுவுல ரோட்ட தாண்ட முடியாது."