சாமி எந்த ஊரு?

"எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள்?" என்று அந்தப் பிரேசில்காரர் கேட்டதும் எனக்கு வழக்கம்போல முதுகு விறைத்தது.

பர்மிங்ஹாமுக்கு வந்து ஏழு வருஷம். இந்தக் கேள்வியைப் பஸ்ஸில், மகனின் பள்ளிக்கூட வாசலில், பல் பிடுங்கப் போன இடத்தில் என்று எங்கெங்கோ வாங்கியிருக்கிறேன். "இந்த ஊர்தான்" என்று சொன்னால் விடமாட்டார்கள். சிரித்துக்கொண்டே, "சரி, அசல் ஊர் எது?" என்று இரண்டாவது சுற்றுக்கு வருவார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. நம் பக்கம் ரயிலில் எதிர்ப் பலகையில் உட்காருகிறவர் ஊர், சம்பளம், கொழுந்தியாளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்பது வரை கேட்காமல் இறங்குவாரா? ஆனால் அங்கே அது பேச்சைத் தொடங்குவதற்கு. இங்கே, சொந்த வீட்டு வாசலில் சாவியோடு நிற்கும் ஆளிடம் "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்கிற மாதிரி இருக்கும்.

"பெர்ரி பார்" என்றேன், கொஞ்சம் வெடுக்கென்றுதான்.

"அது எந்த நாடு?"

"நாடு இல்லை. இதோ, அந்தப் பக்கம். நடந்தே வந்தேன். இருபத்தைந்து நிமிஷம்."

அவர் வாயைப் பிளந்தார். பிறகு தன் கூட்டாளிகளைப் பார்த்துப் போர்த்துகீசியத்தில் ஏதோ கத்தினார். கழுத்து வரை பச்சை குத்திய மூன்று பேர் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். "உள்ளூர்க்காரர்! உள்ளூர்க்காரர்!" என்னை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். இந்த ஊரில் எனக்கு அப்படி ஒரு மரியாதை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. என் மகன்கூட, "அப்பா, நீங்கள் பெர்ரி பாரைத் தப்பாகச் சொல்கிறீர்கள்" என்று திருத்துகிறவன். பிரேசில்காரர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

2025 ஜூலை 5, சனிக்கிழமை. ஆஸ்டன் பகுதியில் இருக்கும் வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில் பிளாக் சபாத் என்ற ஹெவி மெட்டல் இசைக்குழுவின் கடைசிக் கச்சேரி. ஆஸி ஆஸ்போர்ன், டோனி அயோமி, கீசர் பட்லர், பில் வார்ட் நால்வரும் இந்த ஆஸ்டன் மண்ணில் வளர்ந்தவர்கள். 1968-இல் ஒன்று சேர்ந்தவர்கள். நால்வரும் ஒரே மேடையில் ஏறி இருபது வருஷம் ஆகியிருந்தது. பிப்ரவரியில் டிக்கெட் விற்பனை தொடங்கிய அன்று இரண்டு போன், ஒரு லேப்டாப் சகிதம் உட்கார்ந்து ஒரே ஒரு டிக்கெட் பிடித்தேன். 200 பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. என் மனைவி அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு, "இருபதாயிரத்துக்கு மேலே குடுத்து இந்த ஓலத்தைக் கேக்கணுமா?" என்றாள். ஊரில் குப்பை அள்ளுபவர்கள் மார்ச்சிலிருந்து வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். தெருமுனையெல்லாம் கறுப்புப் பை மலை. கறுப்புச் சட்டைக்காரர்கள் வந்து இறங்க அதைவிடப் பொருத்தமான நேரம் கிடைக்காது என்றும் சொன்னாள்.

உண்மையிலேயே எங்கே பார்த்தாலும் கறுப்பு. கார்த்திகை மாதம் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. தாடி, கறுப்பு, கண்ணில் ஒரு விரதக் களை. இருமுடி ஒன்றுதான் பாக்கி. அங்கே மாலை போட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததும் என்ன கேட்பார்கள்? "சாமி எந்த ஊரு?" சேலம் சாமி, தேனி சாமி என்று பதில் வரும். அன்றைக்கு ஆஸ்டனில் எல்லோரும் எல்லோரையும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிலி சாமி, ஜப்பான் சாமி, போலந்து சாமி. நான் ஒருவன்தான் பெர்ரி பார் சாமி. ஏழு வருஷமாகக் குத்திய முள் அன்றைக்கு ஏன் குத்தவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

உள்ளூர்க்காரன் ஆகிவிட்ட பிறகு சும்மா இருக்க முடியுமா? நேரம் இருந்தது. பிரேசில்காரர்கள் நால்வரையும் லாட்ஜ் ரோட்டுக்கு அழைத்துப் போனேன், ஆஸி வளர்ந்த 14-ஆம் எண் வீட்டைக் காட்ட. போகிற வழியில் ஒரு பாகிஸ்தானியப் பெரியவர் வீட்டு முன்வாசலைக் கார் நிறுத்த வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். ஆஸியும் சின்ன வயதில் மேட்ச் நாட்களில் இதே தெருக்களில் வண்டிகளுக்குக் காவல் நின்று சில்லறை சம்பாதித்தவர்தான் என்று விளக்கினேன். பெரியவர் காதில் அது விழுந்தது. "எனக்குச் சில்லறை வேண்டாம், நோட்டாகவே கொடுங்கள்" என்றார்.

வீடு ஒட்டுவீடுகளின் வரிசையில் ஒன்று. இரண்டு படுக்கையறை, அதில் அப்பா, அம்மா, ஆறு பிள்ளைகள். பிரேசில்காரர் செங்கல் சுவரை மெதுவாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. ஆஸியின் அம்மா லூகாஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், ஆஸியும் கொஞ்ச நாள் அங்கே கார் ஹாரன்களைச் சுருதி சேர்த்தார் என்று சொல்லிக்கொண்டே வந்தவன், லூகாஸ் என்ற சொல் வாயில் வந்ததும் நின்றுவிட்டேன்.

எனக்கு லூகாஸ் என்பது பஸ் ஸ்டாப். சென்னை பாடியில். "லூகாஸ்லாம் எறங்கு, லூகாஸ்லாம் எறங்கு" என்று கண்டக்டர் கூப்பிட, டிபன் கேரியரோடு ஆட்கள் முண்டியடித்து இறங்குவார்கள். பர்மிங்ஹாமின் இதே லூகாஸும் டிவிஎஸ்ஸும் கூட்டுச் சேர்ந்து 1961-இல் தொடங்கியதுதான் எங்கள் பாடி லூகாஸ். இந்த ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாத வயதிலேயே இந்த ஊர்ப் பெயர் ஒன்றைச் சொல்லிச் சொல்லித்தான் நான் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறேன்.

அப்பா வேலை பார்த்தது அங்கே இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில், பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் எடுக்கும் ஒரு தகர ஷெட்டில். ஆறு பவர் பிரஸ். ஷீட்டை டையில் வை, பெடலை மிதி, எடு; வை, மிதி, எடு. பீஸ் கணக்கில் கூலி. கையைக் காக்கிற கார்டு மாட்டியிருந்தால் மணிக்கு இத்தனை பீஸ்தான் வரும், கழற்றிவிட்டால் கூடுதலாக வரும். அதனால் கார்டு சுவரோரம் சாய்ந்திருக்கும். வருஷத்துக்கு ஒருநாள், ஆயுத பூஜையன்று, அதைத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைப்பார்கள். 1994-இல் ஒரு நைட் ஷிப்டில் அப்பாவின் வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதல் கணுவோடு போயின. நாற்பது நாள் வீட்டில் இருந்தார். நாற்பத்தோராம் நாள் அதே மெஷினுக்குப் போனார்.

அதற்குப் பிறகு அவர் சாப்பிடுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. சோற்றைப் பிசைந்து உருட்டும்போது, இருக்க வேண்டிய இடத்தில் விரல் நுனி இல்லாமல் குழம்பு அந்தச் சந்து வழியாக உள்ளங்கைக்கு இறங்கி, மணிக்கட்டு வரை வழியும். அம்மா ஸ்பூன் கொண்டுவந்து வைப்பாள். அவர் அதைத் தட்டுக்கு அந்தப் பக்கமாக நகர்த்தி வைப்பார். கொஞ்ச காலத்தில் கட்டைவிரலையும் மோதிர விரலையும் வைத்து ஒரு புது வழி கண்டுபிடித்தார். உருண்டை கொஞ்சம் கோணலாக வரும், அவ்வளவுதான்.

இந்த பேண்ட் எனக்கு வந்து சேர்ந்ததே ஒரு தற்செயல். 1999-இல் கொரட்டூரில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் இளையராஜா பாட்டுப் பட்டியல் எழுதிக்கொடுத்து ஒரு கேசட் பதியச் சொன்னேன். பி பக்கத்தில் கொஞ்சம் இடம் மிஞ்சியிருந்தது. "காலியா விட மனசு வரல தம்பி, யாரோ குடுத்த இங்கிலீஷ் பாட்டு ஒண்ண போட்டுட்டேன்" என்றார் கடைக்காரர். அது 'அயர்ன் மேன்'. ஆரம்பத்தில் மேளம் மட்டும் தனியாக, இடைவெளி விட்டு, தம், தம், தம் என்று விழும். எனக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. பள்ளி லீவு நாளில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது ஷெட்டுக்கு ஐம்பது அடி முன்னாலேயே காலடியில் அதிரும் சத்தம் அது. யாரோ அதற்கு ராகம் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

அப்புறம்தான் டோனி அயோமியின் கதை தெரிந்தது. பதினேழு வயது, தகர ஆலையில் வேலை. இசைதான் இனிமேல் என்று வேலையை விட்டாயிற்று; அன்று கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர் திரும்பப் போக மனமில்லாமல் இருக்க, அம்மா, "எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா" என்று அனுப்பினார். எந்த அம்மாதான் அதைச் சொல்லமாட்டாள்! வராத ஆளின் மெஷினில் நிறுத்தினார்கள். வலது கையில் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் போயின. இடது கைப் பழக்கக்காரர் என்பதால் கிடார் தந்தியை அழுத்துவது அந்த வலது கைதான். அவர் வீட்டுக்கு வந்து, பாத்திரம் கழுவும் சோப்பு பாட்டிலை உருக்கி, விரலுக்குக் குல்லா செய்து, பழைய ஜாக்கெட்டின் தோலை வெட்டி அதன்மேல் ஒட்டிக்கொண்டார். அழுத்தினால் வலிக்கும் என்று மெல்லிய தந்தி போட்டார். பிறகு தந்தியைத் தளர்த்தவும் செய்தார். சத்தம் கனத்து, இருண்டு, கீழே இறங்கியது. ஹெவி மெட்டல் என்று உலகம் சொல்வதில் பாதி அந்தத் தளர்ந்த தந்தி.

இதை நான் அப்பாவிடம் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"கார்டு இல்லியா?"

"தெரியலப்பா."

"இருந்திருக்காது. சரி, கை ஆறினதும் அந்த மெஷினுக்குத் திரும்பப் போனாரா?"

"இல்லப்பா. கிடார் வாசிக்கப் போயிட்டார்."

"நல்லது" என்றார். அன்றிலிருந்து அவருக்கு அது "விரல்காரர் பேண்ட்". ஆஸி என்றொருவர் அதில் பாடுகிறார் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

கச்சேரி மதியம் ஒரு மணிக்குத் தொடங்கியது. ஆந்த்ராக்ஸ், பான்டெரா, ஸ்லேயர், மெட்டாலிகா என்று நான் போஸ்டர் ஒட்டிவைத்திருந்த பெயரெல்லாம் வரிசையாக வந்து, ஆளுக்குச் சில பாட்டு பாடி, நால்வருக்கும் வணக்கம் வைத்துவிட்டு இறங்கின. நம் வீட்டுக் கல்யாணத்தில் மொய் எழுதுகிற மாதிரி. யங்பிளட் என்ற பொடியன் பழைய பாட்டு ஒன்றைப் பாடி, முரட்டு ஆண்களையெல்லாம் அழவைத்தான். மற்றபடி ஒவ்வொன்றாகச் சொன்னால் விடிந்துவிடும்.

இருட்டத் தொடங்கியதும் மேடைக்கடியிலிருந்து கறுப்புச் சிம்மாசனம் ஒன்று மேலே வந்தது. அதில் ஆஸி. எழுபத்தாறு வயது, பார்கின்சன் நோய், எழுந்து நிற்க முடியாது. ஆறு வருஷமாகப் படுத்துக் கிடந்தேன், இப்போது எனக்கு எப்படி இருக்கிறது தெரியுமா என்கிற மாதிரி ஏதோ சொன்னார். வீட்டுக்கு வருகிறேன் அம்மா என்ற பாட்டில் குரல் உடைந்தது. மீதியைக் கூட்டம் பாடிக்கொடுத்தது. அம்மா என்று அவர் அதில் கூப்பிடுவது மனைவியைத்தான் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் 40,000 பேரும் அவரவர் அம்மாவைத்தான் நினைத்தார்கள் என்று பந்தயம் கட்டுவேன். எனக்குக் கொரட்டூர் வீட்டுத் திண்ணை வந்தது.

கடைசியாக நால்வரும். நாலே பாட்டு. பில் வார்ட் சட்டையைக் கழற்றிவிட்டு வாசித்தார். 'அயர்ன் மேன்' தொடங்கி, அந்தத் தம், தம் விழுந்தபோது பெரிய திரையில் அயோமியின் வலது கையைக் காட்டினார்கள். இரண்டு விரல் நுனியில் அந்தக் குல்லா. போனை எடுத்து ஒரு படம் பிடித்தேன். அன்று முழுக்க நான் பிடித்த ஒரே படம் அதுதான்.

வாணவேடிக்கை முடிந்து வெளியே வந்தபோது, வழிகாட்டி நின்ற ஓர் அம்மாள், "வீடு ரொம்ப தூரமா, பாப்?" என்றார். பாப் என்பது இந்த ஊர்ச் செல்லம். வந்த புதிதில் எல்லோரும் என்னைப் பாபு என்று கூப்பிடுவதாக நினைத்து ஆச்சரியப்பட்டிருக்கிறேன்.

"ரொம்ப தூரம்" என்றேன். ரயில் பாதையை ஒட்டிக் கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. காலையில் இருபத்தைந்து நிமிஷம் என்று மார் தட்டியவன்.

மறுநாள் அந்தப் படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். வெகுநேரம் பெரிதாக்கிப் பார்த்தாராம், அம்மா சொன்னாள். பிறகு போனை வாங்கி, "இப்பவும் அதே சோப்பு டப்பாதானா?" என்று கேட்டார்.

பதினேழு நாள் கழித்து, ஜூலை 22, ஆஸி இறந்துவிட்டார். ஊரே பிராட் ஸ்ட்ரீட் பக்கம் பிளாக் சபாத் பெயர் வைத்த பாலத்துக்குப் பூ கொண்டுபோனது. அப்பா டிவியில் பார்த்துவிட்டுக் காலையிலேயே கூப்பிட்டார். குரலில் பதற்றம்.

"உன் ஆளு போயிட்டாராமே. விரல்காரரா?"

"இல்லப்பா. பாடுறவர்."

"ஓ." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "பாவம். விரல்காரர் நல்லா இருக்காரா?"

"இருக்கார்ப்பா."

"சரி, வைக்கிறேன். பால் பொங்குது, உங்கம்மா மாடில இருக்கா."