சின்னம்மை அரிப்பும் வேப்பங்கொத்தும்

சின்னம்மை கண்ட குழந்தையிடம் "சொறியாதே" என்று சொல்லிப் பயனில்லை. நான்கு வயது மகளுக்கு அம்மை போட்டிருந்தபோது, அவள் கைகளுக்கு வேறு வேலை வேண்டும் என்று என் மாமியார் ஓர் இளம் வேப்பங்கொத்தைக் கொடுத்துவிட்டார். அரிக்கும் இடத்தில் அதன் தளிர்நுனியால் மெல்ல வருடிக்கொண்டால் நகம் பட்டுக் கொப்புளம் உடைவதில்லை (வேப்பிலை அம்மையைக் குணமாக்குமா என்பது வேறு பேச்சு).

சொறிந்து கிழிந்த கொப்புளத்தில் பாக்டீரியா புகுந்தால் சீழ் பிடித்துத் தழும்பு நிலைத்துவிடும் என்பதால், நகங்களை ஒட்ட வெட்டினோம். மருத்துவர் சொன்ன காலமைன் லோஷனைப் பஞ்சில் நனைத்து, தேய்க்காமல், ஒவ்வொரு கொப்புளத்தின் மேலும் ஒற்றியெடுத்தோம். அது இளஞ்சிவப்புப் படலமாகக் காயும்போது தோல் குளிர்ந்து அரிப்பு சற்று அடங்குகிறது. கண்ணருகிலும் வாய்க்குள்ளும் அதைத் தடவக் கூடாது.

தலைக்குத் தண்ணீர் விடும் நாள்வரை உடம்பில் நீரே படக் கூடாது என்னும் வழக்கத்தை மட்டும் நான் ஏற்கவில்லை. வெதுவெதுப்பான நீரில் சோப்பின்றிக் குளிப்பாட்டி, பழைய வேட்டித் துணியால் ஒற்றித் துடைத்த பிறகுதான் குழந்தை சிறிது நேரமாவது அயர்ந்து தூங்கினாள். வியர்த்தால் அரிப்பு கூடும். ஆகவே மெல்லிய பருத்திச் சட்டையும் மின்விசிறியும் போதும், போர்வை வேண்டாம்.

காய்ச்சலுக்கு மருத்துவர் சொன்ன அளவில் பாரசிட்டமால் மட்டுமே கொடுத்தோம். சின்னம்மையின்போது ஆஸ்பிரின் கொடுத்தால் கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோய்க்குறி வரக்கூடும்; இபுபுரூஃபனையும் தவிர்க்கச் சொல்கிறார்கள். கொப்புளங்கள் அனைத்தும் பொருக்குத் தட்டும்வரை தொற்றும் என்பதால், அதுவரை அவளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை.