எந்தக் குப்பை?

குப்பையை எரித்து கரண்ட் எடுத்து அதில் பஸ் ஓட்டலாமே என்று கேட்பவர்களிடம் ஒரே கேள்வி: எந்தக் குப்பை? சமையலறைக் கழிவில் பாதிக்கு மேல் தண்ணீர். எரித்தால் கிடைக்கும் சூட்டில் கணிசமான பங்கு அந்த ஈரத்தைக் காயவைக்கவே போய்விடும். நன்றாக எரிவது பிளாஸ்டிக். அதுவோ பெட்ரோலியத்தின் மறுபிறவி, கார்பனைப் புகைபோக்கி வழியே கக்கும்.

ஈரக்கழிவைக் காற்றுப் புகாத தொட்டியில் நொதிக்க விடுவதே என் கட்சி. குப்பைமேட்டில் வீணாகக் கிளம்பும் மீத்தேன் வாயு (100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 25 மடங்குக்கு மேல் சூடேற்றும்) இங்கே கரண்ட் எடுக்க எரிபொருள், மிச்சம் உரம்.

பஸ்ஸைக் கரண்டில் ஓட்டுவதில் விவாதமே இல்லை. டீசல் இன்ஜின் பாதிக்கு மேல் ஆற்றலைச் சூடாக வீணடிக்கிறது, மின் மோட்டார் 80 சதவீதத்துக்கு மேல் இயக்கமாக்குகிறது.

சரி, தரம் பிரிக்காமல் கொட்டினால்? தொட்டி அடைத்துக்கொள்ளும், அப்புறம் ஆலை நிற்கும், ஆலை கட்ட வாங்கிய கடனின் வட்டி மட்டும் ஓடும்.