கண்ணு மங்குதுன்னு வந்தவர்

டயாலிசிஸ் யூனிட்ல ஸ்டாஃப் நர்ஸா 12 வருஷம் ஓடிப்போச்சு. அதுக்கு முன்னாடி கேஷுவாலிட்டில இருந்தேன், அங்க நான் பண்ணுன ஒரு காரியம் இன்னும் உறுத்திட்டேதான் இருக்கு. அப்பல்லாம் பிபி 220னு பாத்தா போதும், டூட்டி டாக்டர், பிபிய சட்டுனு இறக்குற நிபெடிபின் கேப்ஸ்யூல ஊசியால குத்தி நாக்குக்கு அடியில விடச் சொல்லிருவார். ஒரு பெரியவருக்கு அப்படித்தான் விட்டேன், கால்மணி நேரத்துல 110க்கு வந்துருச்சு, நானும் பெருமையா எழுதி வச்சேன், கொஞ்ச நேரத்துல அவருக்கு வாய் கோணி பேச்சு குழறிருச்சு. ரொம்ப நாளா ஏறிக் கிடக்குற பிரஷருக்கு மூளை ரத்தக்குழாய் பழகிப் போயிருக்கும், திடீர்னு இறக்குனா ரத்தம் போய்ச் சேராது. இதைச் செய்யாதீங்கன்னு 1996லயே அமெரிக்க மெடிக்கல் ஜர்னல்ல எழுதிட்டாங்களாம். எனக்கு யாரும் சொல்லல.

அதுக்கு நேர்மாறா ஒரு கேஸ். லாரி ஓட்டுறவர், 36 வயசு. நைட்டு எதிர்ல வர்ற லைட்டு கலங்கித் தெரியுதுன்னு கண்ணாடி மாத்தத்தான் கண் டாக்டர்ட்ட போயிருக்கார். அவரு லைட்டு அடிச்சு உள்ள பாத்துட்டு, விழித்திரைல ரத்தக்கசிவு, கண் நரம்பு வீங்கிருக்கு, கண்ணாடியெல்லாம் அப்புறம், மொதல்ல பிபி பாருங்கன்னு அனுப்பி விட்டிருக்கார். நான்தான் கட்டுனேன். 236/144. மெஷின் மேல சந்தேகப்பட்டு இன்னொரு கைல கட்டுனேன், அதே தான். மனுஷன் சும்மா உக்காந்து "தண்ணி தவிக்குது சிஸ்டர், கொஞ்சம் குடுங்க"ங்கிறார். தலைவலியா, நெஞ்சுவலியா எதுவும் இல்ல. யூரின் மட்டும் நுரை நுரையா போகுதாம், ஒரு மாசமா. ரத்தத்துல கிரியாட்டினின், அதான் கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவு, 5.2க்கு ஏறிக் கிடந்துச்சு. கண்ணையும் கிட்னியையும் அடிக்கிற இந்த மாதிரி கடும் பிரஷருக்கு மாலிக்னன்ட் ஹைப்பர்டென்ஷன்னு பேரு.

இந்தத் தடவ பிபிய இறக்குற லேபெட்டலால் மருந்த பம்பு வச்சு கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துல ஏத்துனாங்க. மொத ஒரு மணி நேரத்துல கால்வாசிக்கு மேல இறக்காதீங்க, 180 போதும்னு சீஃப் டாக்டர் பக்கத்துலயே நின்னார். எனக்கு அந்தப் பெரியவர் முகம்தான் ஞாபகம் வந்துச்சு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா பாத்துட்டே இருந்தேன்.

அடுத்த வாரம்தான் அக்கப்போரு. பிபி 150க்கு வந்துருச்சு, ஆனா கிரியாட்டினின் 7.9க்கு ஏறிருச்சு. அவர் வீட்டம்மா ரிப்போர்ட்ட தூக்கிட்டு வந்து, "பிரஷர் குறைஞ்சா கிட்னி நல்லாகும்னு சொன்னீங்களே சிஸ்டர், மாத்திரை குடுத்துத்தான ஏறுது, நிறுத்திடவா?"ன்னு கேக்குது. அந்தப் பொண்ணு கேட்டதுல தப்பே இல்ல. கிட்னிக்குள்ள இருக்குற சின்னக் குழாயெல்லாம் அந்த பிரஷர்ல அடிபட்டு வீங்கி உள்வட்டம் குறுகிப் போயிருக்கும், அதுக்குள்ள ரத்தத்த தள்ளிட்டு இருந்ததே அந்த ஏறுன பிரஷர்தான், அது இறங்குனதும் கொஞ்ச நாளைக்கு வடிகட்டுறது இன்னும் கம்மியாகும். ரத்தம் பத்தலன்னு நெனச்சு கிட்னி ரெனின்னு ஒண்ண சுரக்கும், அது திரும்ப பிரஷர ஏத்தும், ஏறுன பிரஷர் குழாய இன்னும் கெடுக்கும். இந்தச் சுத்த எங்கயாவது அறுத்தாகணும். இதெல்லாம் எங்க சொல்ல, "புண்ணு ஆறணும்மா, அதுவரைக்கும் கட்ட அவுக்காத"ன்னேன். புரிஞ்சுச்சோ இல்லியோ, மாத்திரைய நிறுத்தல.

கழுத்துல கேத்தீட்டர், அதான் ரத்தம் எடுக்குற குழாய், போட்டு செவ்வா, வெள்ளி டயாலிசிஸ். வீட்டுல யூரின அளந்து நோட்டுல எழுதிட்டு வரச் சொல்லிருந்தோம். லாரி ட்ரிப் ஷீட்டு மாதிரியே கோடு போட்டு, தேதி, நேரம், மில்லினு அவ்ளோ சுத்தமா எழுதிருப்பார். 300, 350ன்னே ரெண்டு மாசம் கிடந்துச்சு. மூணாவது மாசம் 900, அப்புறம் 1400. டயாலிசிஸுக்கு முன்னாடி எடுக்குற கிரியாட்டினினே வாராவாரம் இறங்குது. நாலு மாசம் முடிஞ்சப்ப கேத்தீட்டர உருவி விட்டாச்சு, 2.8ல நின்னுருச்சு. இந்த வகை பிரஷர்ல இப்படி டயாலிசிஸ விட்டு வெளிய வர்றவங்க கொஞ்ச பேர் உண்டு, ஆனா பிபிய மாசக்கணக்கா பிடிச்சு வச்சா மட்டும்தான்.

ரவுண்ட்ஸ்ல சீஃப் அடிக்கடி சொல்லுவார், 1939ல கீத், வேகனர், பார்க்கர்னு மூணு பேர் எழுதுன கணக்குல, கண்ணு இந்த நிலைமைக்குப் போனவங்கள்ல 100க்கு 79 பேர் ஒரு வருஷத்துக்குள்ள இறந்து போயிட்டாங்க. அப்ப உருப்படியான மாத்திரையே கிடையாது. பர்மிங்காம்ல ரொம்ப வருஷமா இந்த நோயாளிங்கள எழுதி வச்சுட்டு வர்றாங்க, அங்க அஞ்சு வருஷம் பொழச்சவங்க 1977க்கு முன்னாடி 100க்கு 32 பேர், 1997ல இருந்து 2006க்குள்ள வந்தவங்கள்ல 91 பேர். மருந்து தன் வேலையச் செஞ்சிருச்சுன்னு சொல்லலாம். எங்க யூனிட்டுல உக்காந்து பாத்தா எனக்குத் தெரியுறது வேற, மொத நாள் கிட்னில எவ்ளோ மிச்சம் இருக்குன்றதுதான் பாதியத் தீர்மானிக்குது. லாரிக்காரருக்கு ஸ்கேன்ல கிட்னி ரெண்டும் சைஸ் குறையாம இருந்துச்சு.

அவரோட செவ்வா, வெள்ளி ஸ்லாட்டு காலியானது வெள்ளிக்கிழமை காலைல. மத்தியானத்துக்குள்ள ஆள் வந்தாச்சு. 29 வயசுப் பையன், ரெண்டு வருஷம் முன்னாடி கம்பெனி செக்கப்ல 170/110னு சொல்லிருக்காங்க, ஒண்ணும் வலிக்கல, அதனால விட்டுட்டானாம். கிரியாட்டினின் 14. ஸ்கேன்ல ரெண்டு கிட்னியும் சுருங்கிருக்கு. "எத்தன மாசம் வரணும் சிஸ்டர்?"னு கேட்டான். முந்தின ஆளு நாலு மாசத்துல டயாலிசிஸ விட்டு வெளிய வந்துட்டார்னு யாரோ சொல்லிருப்பாங்க போல. நான் பிபி கஃப்ப அவன் கைல சுத்திட்டே, "கைய நேரா வை தம்பி"ன்னேன்.