உதிர வேண்டிய அணுக்கள்

பெங்களூரில் ஒரு மருத்துவமனை லேபில் 11 வருடமாக ரத்த ஸ்லைடு பார்க்கிறேன். தமிழ் மட்டுமே தெரிந்த நோயாளி வந்தால் டாக்டர் என்னைத்தான் கூப்பிடுவார்.

அப்படித்தான் தருமபுரிப் பக்கத்து தம்பதி ஒன்றைச் சந்தித்தேன். கணவருக்கு சி.எல்.எல்., மெதுவாக வளரும் ரத்தப் புற்றுநோய். 11,000-க்குள் இருக்க வேண்டிய வெள்ளணு 1,50,000. அந்த அம்மா கேட்டார்: “டெங்கு வந்தப்ப அணு கொறஞ்சுபோச்சுன்னுதானே பயமுறுத்துனாங்க? கூடுனா நல்லதுதானே கண்ணு?”

நியாயமான கேள்வி. பதில்தான் வாயில் வரவில்லை. சாக வேண்டிய அணு சாகாததுதான் கோளாறு. ஆனால் நோயாளியை எதிரில் வைத்துக்கொண்டு சாவு என்று எப்படிச் சொல்வது?

சாக வேண்டிய அணு தன் முடிவைத் தானே நடத்திக்கொள்ளும். சுருங்கும், தன் டி.என்.ஏ.வைத் துண்டாக்கும், சின்னச் சின்னப் பொட்டலமாகப் பிரியும். பக்கத்து அணுக்கள் அதை விழுங்கிவிடும். வீக்கம் இருக்காது, சீழ் பிடிக்காது. 1972-இல் கெர், வைலி, கர்ரி என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் இதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். மரத்திலிருந்து இலை உதிர்வதைச் சொல்லும் கிரேக்க வார்த்தை அது. அன்றைக்கு எனக்குக் கை கொடுத்தது அந்த வார்த்தைதான்.

“பழுத்த இலை உதிரணும்மா. இவருக்கு உதிராம மரத்துலயே தங்கிடுது. புது இலைக்கு இடமில்லை.”

அவருக்கு உடனே பிடிபட்டது.

உதிரவிடாமல் பிடித்துவைப்பது பி.சி.எல்.-2 என்ற புரதம். அது அணுவைப் பெருக்குவதில்லை, சாகவிடாமல் காக்கிறது என்று 1988-இல் மெல்போர்னில் கண்டார்கள். அந்தப் பிடியை விடுவிக்கும் மாத்திரை வெனெடோகிளாக்ஸ் அமெரிக்காவில் 2016-இல் அனுமதி பெற்றது.

மாத்திரையை 20 மில்லிகிராமில் தொடங்கி, வாரா வாரம் ஏற்றி, ஐந்தாம் வாரத்தில் 400-க்குக் கொண்டுபோவார்கள். எல்லாம் ஒரே நாளில் உதிர்ந்தால் பொட்டாசியமும் யூரிக் அமிலமும் ரத்தத்தில் கொட்டி, சிறுநீரகம் தாங்காது. தண்ணீர் குடிக்கச் சொல்லி அந்த அம்மாவிடம் மூன்று முறை சொன்னேன். பெரிய பித்தளைச் சொம்போடுதான் ஒவ்வொரு முறையும் வந்தார்.

ஆறாம் வாரம். சி.எல்.எல். ஸ்லைடில் அணுக்கள் நசுங்கி, மை தீற்றியதுபோல் கிடக்கும். அன்று தேடித் தேடித்தான் நாலைந்து கிடைத்தன. வெளியே வந்தேன். சொம்பை மடியில் வைத்திருந்தவர் எழுந்துவிட்டார்.

“உதிர்ந்துச்சா கண்ணு?”