பிகோவின் பெயரால் ஒரு மேடை

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் போராடிய கறுப்பினத் தலைவர் ஸ்டீவ் பிகோ 1977 செப்டம்பர் 12 அன்று பிரிட்டோரியாவில் போலீஸ் காவலில் இறந்தபோது அவருக்கு வயது 30. விசாரணையின்போது தலையில் பலத்த காயம்பட்டிருந்த அவரை, நிர்வாணமாக, லேண்ட் ரோவரின் பின்புறத்தில் கிடத்தி, போர்ட் எலிசபெத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கொண்டுசென்றார்கள். உண்ணாவிரதமே காரணம் என்பதுபோல் முதலில் கதை கட்டியது அன்றைய நிறவெறி அரசு.

அவர் பெயரில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய நினைவுப் பேருரை வரிசையைப் பற்றிச் சொல்லவே இத்தனை முன்னுரை. எழுத்தாளர் இஞ்ஜபுலோ இண்டெபெலே தொடங்கிவைத்த அம்மேடையில் ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் சினுவா அச்செபே, கூகி வா தியாங்கோ, நெல்சன் மண்டேலா எனப் பலர் பேசியிருக்கிறார்கள்.

நம் ஊர் நினைவுச் சொற்பொழிவுகள் பெரும்பாலும் படத்துக்கு மாலையிட்டு, மறைந்தவரைப் புகழ்ந்து, பொன்னாடையோடு முடிந்துவிடுகின்றன. (கேட்க வருபவர்களும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள் போலும்.) 2006-இல் அங்கு பேசிய பேராயர் டெஸ்மண்ட் டுட்டுவோ, விடுதலை பெற்ற தம் நாட்டையே கூண்டில் நிறுத்தினார், போராட்டக் காலத்தில் போற்றிய மனித உயிரின் மதிப்பு எங்கே போயிற்று, பெற்ற உரிமை ஏன் கட்டற்ற போக்காகத் திரிந்தது என்று தம் மக்களிடமே கேட்டார். பிகோவை முழுமையாக மதித்த உரை அதுவே என்பது என் எண்ணம்.

அம்மேடைக்கு நீதி இன்னும் கடனாகவே நிற்கிறது: நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 1999-இல் அந்தப் போலீசாருக்குப் பொதுமன்னிப்பு மறுத்தது, ஆனாலும் பிகோவின் மரணத்துக்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.