தமிழ் வழியில் படித்துவிட்டு ஓஇடி எழுதிய கதை

பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். அப்புறம் நர்சிங். வார்டில் வேலை பார்த்துக்கொண்டே ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வை எழுதித் தேறியிருக்கிறேன். இங்கிலாந்து போக ஆசை இருந்தும் "நமக்கு இங்கிலீஷ் வராது" என்று விண்ணப்பிக்கும் முன்பே ஒதுங்கிக்கொள்ளும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்ய, நர்ஸ்களைப் பதிவு செய்யும் அந்நாட்டு அமைப்பான என்எம்சி ஆங்கிலத் தேர்ச்சி கேட்கும். ஐஇஎல்டிஎஸ் என்ற பொதுவான ஆங்கிலத் தேர்வை எழுதலாம், ஓஇடியும் எழுதலாம். நான் ஓஇடியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அது மருத்துவத் துறையினருக்கென்றே நடத்தும் தேர்வு. நர்ஸ், டாக்டர், பிசியோதெரபிஸ்ட் என்று 12 தொழில்களுக்கு இருக்கிறது. லிஸ்னிங், ரீடிங் எல்லோருக்கும் ஒன்றுதான். ரைட்டிங்கும் ஸ்பீக்கிங்கும் அவரவர் தொழிலைப் பொறுத்து மாறும். ஒவ்வொரு பகுதிக்கும் 500 மதிப்பெண். ரைட்டிங்கில் 300 எடுத்தால் போதும், மற்ற மூன்றிலும் 350 வேண்டும். கட்டணம் என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். அதனால் நன்றாகத் தயாரான பிறகே பதிவு செய்யுங்கள்.

நான் முதலில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். ஸ்பீக்கிங்குக்கு அங்கே ஆயத்த வாக்கியங்களைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அது எனக்கு உதவவில்லை. தேர்வில் சூழ்நிலை எழுதிய ஒரு அட்டை கொடுப்பார்கள். படித்துத் தயாராக 3 நிமிடம், பிறகு எதிரே இருப்பவர் நோயாளியாகவோ உறவினராகவோ நடிக்க, சுமார் 5 நிமிடம் பேச வேண்டும். இப்படி இரண்டு முறை. அவர் நாம் எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்லிவிட்டால் மனப்பாடம் அங்கேயே நின்றுவிடும்.

எனக்கு வழி கிடைத்தது ஹாஸ்டல் அறையில்தான். கூட இருந்த கேரளத்துச் சேச்சியும் இதே தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். டூட்டி முடிந்து வந்ததும் ஒருவர் நோயாளி, ஒருவர் நர்ஸ். இன்சுலின் போட மறுக்கும் பெரியவர் என்று ஒரு அட்டை வந்தால், நான் அதை முதலில் தமிழில் பேசிப் பார்ப்பேன். சேச்சிக்குத் தமிழ் நன்றாகப் புரியும். வார்டில் ஒரு பாட்டி "ஊசி வேண்டாம் தாயி" என்றால் நான் என்ன செய்வேன்? உடனே நன்மைகளை அடுக்க மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் வேண்டாம் என்கிறார் என்று கேட்பேன். ஒருமுறை ஆரம்பித்தால் விடவே முடியாது என்று யாரோ பயமுறுத்தியிருப்பார்கள். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லிவிட்டு, அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று திருப்பிக் கேட்பேன். இந்த வரிசை மனதில் நின்ற பிறகு அதையே ஆங்கிலத்தில் பேசுவேன். அப்போது சின்னச் சின்ன வாக்கியங்களே போதுமாக இருந்தன.

மதிப்பெண் முறையைப் படித்தபோது எனக்குத் தைரியமே வந்துவிட்டது. உச்சரிப்பு, சரளம், இலக்கணம் ஆகியவற்றோடு, நோயாளியின் கவலையைக் கேட்டு அதற்கேற்பப் பேசினோமா என்பதற்கும் தனியாக மதிப்பெண் உண்டு. அதை நாம் தமிழில் தினமும் செய்துகொண்டுதானே இருக்கிறோம்! உச்சரிப்பும் புரியும்படி இருந்தால் போதும். வெள்ளைக்காரர் மாதிரி பேச வேண்டியதில்லை.

ரைட்டிங்கில் ஒரு நோயாளியின் கேஸ் நோட்ஸ் கொடுப்பார்கள். படிக்க 5 நிமிடம், எழுத 40 நிமிடம். சுமார் 180 முதல் 200 சொற்களில் டிஸ்சார்ஜ் கடிதமோ, வேறு இடத்துக்கு அனுப்பும் கடிதமோ எழுத வேண்டும். எதை எழுதுவது என்பதைவிட எதை விடுவது என்பதுதான் கஷ்டம். ஷிப்ட் மாறும்போது ஹேண்ட் ஓவர் கொடுக்கிறோமே, கிட்டத்தட்ட அதே வேலை. அடுத்து பார்த்துக்கொள்ளப் போகிறவருக்கு என்ன தெரிய வேண்டும் என்று யோசித்தால் பாதி நோட்ஸ் தானாக உதிர்ந்துவிடும்.

எனக்கு அதிகம் உழைப்பு வாங்கியது லிஸ்னிங். ஒலிப்பதிவை ஒரே ஒரு முறைதான் போடுவார்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய உச்சரிப்பெல்லாம் வரும். கேட்டுக்கொண்டே நிரப்ப வேண்டிய இடங்கள் முதல் பகுதியிலேயே 24. பஸ்ஸில் போகும்போதும் காதில் ஹெட்செட்டோடு அந்த ஊர் மருத்துவ உரையாடல்களைக் கேட்டுப் பழகினேன். அதற்குக் குறுக்குவழி எதுவும் எனக்குத் தெரியவில்லை. ரீடிங்கில் முதல் பகுதி மட்டும் ஓட்டம், 15 நிமிடத்தில் 20 கேள்வி. மற்றவை பழகிவிடும்.

இன்னும் நான் விமானம் ஏறவில்லை. ஆனாலும் படித்தது இங்கேயே கைகொடுக்கிறது. இரவில் டாக்டருக்கு போன் செய்து நோயாளியின் நிலையை வரிசையாகச் சொல்கிறேன், என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளை நானே படித்துத் தெரிந்துகொள்கிறேன். தமிழில் படித்ததால் பின்தங்கிவிட்டேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நுரையீரலும் சிறுநீரகமும் எப்படி வேலை செய்கின்றன என்று தமிழில் புரிந்துகொண்டிருந்ததால்தான் ஆங்கிலப் பாடம் எனக்கு ஏறியது.

அடுத்து, இங்கிலாந்துப் பதிவுக்காகக் கணினியில் எழுதும் சிபிடி தேர்வு. அதை இந்தியாவிலேயே எழுதலாம். மருந்தளவுக் கணக்குகளுக்கு ஒரு பகுதி, நர்சிங் பாடத்துக்கு ஒரு பகுதி. ஓஇடியில் ஏதாவது ஒரு பகுதி மட்டும் குறைந்துவிட்டாலும் கலங்க வேண்டாம். குறிப்பிட்ட கால இடைவெளிக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்களை என்எம்சி சேர்த்து எடுத்துக்கொள்ளும். ஆனால் எந்தப் பகுதியும் அவர்கள் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகக் கூடாது. அந்த அளவை என்எம்சி இணையதளத்தில் பார்த்துவிட்டு அடுத்த தேதிக்குப் பதிவு செய்யுங்கள்.